சித்தப்பா வீட்டு ஜன்னல் மட்டம்

வீடு கட்டுகிறவர்களுக்குப் பிளான் போட்டுக் கொடுப்பது என் தொழில். பாலிடெக்னிக்கில் சிவில் படித்தவள். தர்மபுரியில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒற்றை அறையில் என் ஆபீஸ் இருக்கிறது. வருகிறவர்கள் எல்லாரும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் பேசுவார்கள். சமையலறையில் நின்று வேலை செய்யப் போகிறவர் யார், காற்று எந்தப் பக்கமிருந்து வரும் என்றெல்லாம் நான் கேட்டால், "அதெல்லாம் வாஸ்துப்படி நீங்களே பாத்துப் போட்டுருங்க மேடம்" என்பார்கள். பிறகு செல்போனை எடுத்து ஒரு படத்தை என் முகத்துக்கு நேரே நீட்டுவார்கள். "எலிவேஷன் மட்டும் இப்பிடி வேணுங்க."

நான் படித்த படிப்பில் ஒரு கட்டடத்துக்கு நாலு பக்கமும் எலிவேஷன் உண்டு. எங்கள் பக்கத்தில் எலிவேஷன் என்றால் தெருவில் போகிறவன் கண்ணில் படுகிற ஒரு பக்கம் மட்டும்தான். மற்ற மூன்று பக்கத்தைப் பற்றி இதுவரை ஒருத்தரும் என்னிடம் கேட்டதில்லை. பின்சுவர் பூச்சில்லாமல் செங்கல்லாக நிற்கும், முன்னால் கண்ணாடியும் பதித்த கல்லும் சுவருக்குள் ஒளித்து வைத்த விளக்கும் இருக்கும். அப்படிப்பட்ட வீடுகளை நானே வரைந்து கொடுத்திருக்கிறேன். கை கூசியதில்லை.

படிக்கும்போது ஒரு பத்து மார்க் கேள்வி வந்தது. ஒரு காலத்தின் எண்ணம் அந்தக் காலத்துக் கட்டடங்களில் எப்படித் தெரிகிறது என்று எழுதச் சொன்னார்கள். நானும் விழுந்து விழுந்து எழுதினேன். பயந்த ராஜா தடித்த சுவர் வைத்துக் கோட்டை கட்டினான், பக்தி கோபுரமாக உயர்ந்தது, ஆள வந்த வெள்ளைக்காரன் அண்ணாந்து பார்க்கிற அளவுக்குத் தூண் நிறுத்தினான் என்று பக்கத்தை நிரப்பி ஒன்பது மார்க் வாங்கினேன். அந்தப் புத்தகத்தில் எங்கள் தெரு மாதிரி ஒரு தெருவின் படம் இல்லை. ராகியும் மரவள்ளியும் போடுகிறவர்களுக்கு எண்ணம் என்று ஒன்று இருக்கும், அதையும் செங்கல் வைத்துக் கட்டுவார்கள் என்று புத்தகம் எழுதியவருக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது. எங்கள் தெருவில் அந்த எண்ணத்தின் உயரம் நாலரை அடி. அளந்து கொடுத்தவள் நான்தான்.

பாப்பாரப்பட்டியிலிருந்து மினி பஸ்ஸில் உள்ளே போகிற ஊர் எங்களுடையது. முதலில் அங்கே இருந்தது தாத்தா காலத்து ஓட்டு வீடு. அதை நினைத்து ஏங்க எனக்கு ஒன்றும் இல்லை. முன்னறை முழுக்க ராகி மூட்டை. அதற்கு அடுத்த அறையில் மாடு. ஆண்கள் காற்று வருகிற இடமாகப் பார்த்துக் கட்டில் போட்டுக்கொள்வார்கள். ஜன்னலே இல்லாத பின்கட்டில் அம்மாவும் சித்தியும் புகையில் இருமிக்கொண்டு சமைப்பார்கள். வாசல் நிலை தாழ்வாக இருக்கும், குனியாமல் யாரும் உள்ளே போக முடியாது. இப்போது ரிசார்ட் கட்டுகிறவர்கள் என்னிடம் வந்து, அந்தக் காலத்தில் பணிவைக் கற்றுக்கொடுக்கத்தான் வாசலைத் தாழ்வாக வைத்தார்கள் என்று கதை சொல்கிறார்கள். ஓடு சரிந்து இறங்குகிற இடத்தில் வாசல் வந்தால் குனிந்துதான் தீர வேண்டும், அவ்வளவுதான் சங்கதி. மூட்டைக்கு முதலிடம், மாட்டுக்கு அடுத்த இடம், பொம்பளைக்கு மிச்சமிருக்கிற இடம் என்பதுதான் அந்த வீட்டின் எண்ணம். அதை யாரும் ஒளித்துக்கூட வைக்கவில்லை.

பாகம் பிரித்தபோது அந்த வீட்டை நடுவில் வகுந்தார்கள். கிழக்குப் பாதி அப்பாவின் தம்பிக்கு, மேற்குப் பாதி எங்களுக்கு. சித்தப்பா கவர்மெண்ட் பஸ் டிரைவர். மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறவர். தன் பாதியை இடித்துவிட்டுத் தெருவிலேயே முதல் மொட்டை மாடி வீட்டை அவர்தான் கட்டினார். இரண்டு படி, ஒன்றரை அடி பேஸ்மட்டம், பச்சை மொசைக் தரை, ஒவ்வொரு ஜன்னலுக்கும் மேலே ஒரு சன்ஷேடு. அரசாங்க ஆபீஸ் மாதிரி சதுரமாக, அலங்காரம் எதுவும் இல்லாமல் இருக்கும். ஒழுகக் கூடாது, கரையான் வரக் கூடாது, மேலே ராகியும் புளியும் காய வேண்டும் என்பதற்கு மேல் அந்த வீடு எதற்கும் ஆசைப்படவில்லை. முன்னால் அகலமாக சிமெண்ட் களம் போட்டிருந்தார்கள். நான் பார்த்த வீடுகளில் ஓரளவு யோக்கியமானது அது என்று இப்போது தோன்றுகிறது. அப்போது எனக்கு அதன் மேல் கொள்ளைப் பொறாமை.

பொறாமைக்குக் காரணம் இருந்தது. அந்த மொட்டை மாடியின் மழைத்தண்ணீர்க் குழாய் எங்கள் பக்கம் பார்த்து இருந்தது. மழை பெய்தால் அவர்கள் மாடித் தண்ணீர் முழுக்க எங்கள் ஓட்டின் மேல் கொட்டும். ஓடு விலகி வீட்டுக்குள் ஒழுகும். குழாயைத் திருப்பி வைக்க அரை நாள் வேலைகூட ஆகாது. அப்பா வாய் திறந்து கேட்கவில்லை. கேட்காமலே செய்ய வேண்டும் என்று எதிர்பார்த்தார். சித்தப்பாவோ, அண்ணன் கேட்டால் செய்யலாம் என்றிருந்தார். எங்கள் ஆட்கள் இப்படித்தான். ஒரு வார்த்தையில் முடிகிற காரியத்தை ஒரு தலைமுறைக்கு இழுப்பார்கள். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் அப்பா ஏணி வைத்து ஏறி, உடைந்த ஓட்டை எடுத்துவிட்டு வேறு ஓடு வைப்பார். அப்போது பக்கத்து வீட்டுப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் எங்களுக்கும் காலம் வந்தது. தம்பிக்கு பெங்களூரில் வேலை கிடைத்தது. கிணற்றிலும் நாலைந்து வருடம் தொடர்ந்து தண்ணீர் இருந்தது. அப்பா வீடு கட்ட முடிவு செய்தார். நான் அப்போதுதான் ஆபீஸ் திறந்திருந்தேன். பிளானை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு, பேஸ்மட்டம் இரண்டரை அடி போதும் என்று அவரிடம் சொன்னேன்.

அப்பா பிளானைப் பார்க்கவே இல்லை. "அவன் ஜன்னல் மட்டம் தெரியுமில்ல? அந்த மட்டத்துக்கு என் தரை வரணும்" என்றார்.

"எதுக்குப்பா? ரோடு இன்னும் ரெண்டு தடவ மேல வந்தாக்கூட ரெண்டரை அடி தாங்கும்."

"ரோட்டுக்காவச் சொல்லல. அவன் வூட்டுத் தண்ணி பதினஞ்சு வருசம் என் தலமேல வுழுந்துது. இனிமே அவன் பொழுது விடிஞ்சு ஜன்னலத் தொறந்தா என் காலுதான் தெரியணும்."

இந்த இடத்தில் நான் எதிர்த்துப் பேசினேன் என்று எழுத ஆசைதான். பேசவில்லை. எனக்கும் அது பிடித்திருந்தது. கம்ப்யூட்டரில் முப்பரிமாணப் படம் போட அப்போதுதான் கற்றுக்கொண்டிருந்தேன். வீட்டை நாலரை அடி தூக்கி, முன்னால் அகலமான படி வரிசை வைத்துப் பார்த்தபோது, ஆயிரத்துச் சொச்சம் சதுர அடி வீடு அரண்மனை மாதிரி எழுந்து நின்றது. வருகிறவர்களுக்கெல்லாம் காட்ட எனக்கு ஒரு மாதிரி வீடு தேவைப்பட்டது. அப்பாவின் வன்மமும் என் தொழில் ஆசையும் அளவில் சரியாகப் பொருந்திவிட்டன.

மட்டம் எடுக்க நானே போனேன். சித்தப்பா வீட்டு ஜன்னல் அடிக்கட்டை அவர்கள் தரையிலிருந்து மூன்றடி, பேஸ்மட்டம் ஒன்றரை அடி. கணக்கு வீட்டிலிருந்தே தெரியும். ஆனாலும் டியூபில் தண்ணீர் நிரப்பி ஒரு முனையை அந்த ஜன்னலில் பிடித்து, மறுமுனையை எங்கள் பக்கக் கம்பத்தில் வைத்துக் கோடு போட்டேன். சித்தி வெளியே வந்து பார்த்தார்.

"என்னா கண்ணு, எங்கூட்டு ஜன்னல அளக்கற?"

"சும்மா லெவல் பாக்கறேன் சித்தி."

"பாரு பாரு. வெயில்ல நிக்கறியே, டீ வெக்கறேன், குடிச்சுட்டுப் போ" என்றார். குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

அம்மாவிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அவராகச் சொன்னது ஒன்றுதான். அடுப்படி ஜன்னல் பெரிதாக வேண்டும் என்றார். அதைக் கொடுத்தேன். மற்றபடி கட்டி முடிக்கிற வரைக்கும் காலையும் மாலையும் சுவருக்குத் தண்ணீர் ஊற்றியவர் அம்மாதான். மேஸ்திரி சொன்ன நாளுக்கு மேலேயும் ஊற்றினார். கிராவல் மண் டிப்பர் டிப்பராக வந்து அடித்தளத்துக்குள் கொட்டியபோது ஒரே ஒரு முறை, "இத்தன ஒசரத்துக்கு மாவுக் குண்டானத் தூக்கிக்கினு ஏறணுமா?" என்று கேட்டார். அப்பா சிரித்தார். நானும் சிரித்தேன்.

எங்கள் பக்கம் படியை லாபம், நஷ்டம் என்று எண்ணுவார்கள். கடைசிப் படியில் லாபம் என்று முடிய வேண்டும். ஆறு வைத்தால் நஷ்டத்தில் முடியும் என்று ஏழு படி வைத்தோம். பாலிஷ் போட்ட கறுப்பு கிரானைட், எங்கள் மாவட்டத்துக் கல்லேதான். முகம் பார்க்கலாம். வெயிலில் கால் வைக்க முடியாது, மழையில் வழுக்கும். பால் காய்ச்சிய அன்று ஊரே வந்து படியைத் தடவிப் பார்த்தது. சித்தப்பா தன் களத்தில் நின்று கொஞ்ச நேரம் மேலே பார்த்துவிட்டு உள்ளே போனார். அன்றைக்கு மூடிய அந்தப் பக்கத்து ஜன்னலை அவர் பிறகு திறக்கவே இல்லை. மாடி முழுக்கத் தம்பிக்காகக் கட்டியது. அவன் பொங்கலுக்கு இரண்டு நாள் வந்து தங்குவான்.

அந்த வீட்டின் போட்டோவை ஆபீஸில் மாட்டினேன். அதைப் பார்த்துவிட்டு ஆட்கள் வந்தார்கள். எங்கள் தெருவிலேயே அடுத்தடுத்து நாலு வீடு போட்டுக் கொடுத்தேன். ஒவ்வொருவரும் பங்காளி வீட்டின் உயரத்தைத்தான் முதலில் சொன்னார்கள், தங்களுக்கு எத்தனை அறை வேண்டும் என்பது பிறகுதான் வந்தது. யார் வீட்டுப் படியிலும் யாரும் உட்காருவதில்லை. முன்பெல்லாம் சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து ஒருத்தரை ஒருத்தர் கரித்துக் கொட்டுவார்கள். இப்போது அதுகூட இல்லை, அவரவர் உயரத்தில் அவரவர் டிவி பார்க்கிறார்கள். பத்து மார்க் கேள்விக்கு இப்போது விடை எழுதச் சொன்னால் இந்தத் தெருவைப் பற்றித்தான் எழுதுவேன். எத்தனை மார்க் போடுவார்கள் என்று தெரியாது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அம்மா வயலில் வரப்பு வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. சேலத்தில் ஆபரேஷன் செய்து கம்பி வைத்தார்கள். நாலு கால் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடக்கலாம் என்றார்கள். நடந்தார். ஹாலில், அடுப்படியில், போர்டிகோவில், சமமான தரை எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் நன்றாகவே நடந்தார். டாக்டர் பார்த்துவிட்டு, "தெருவுல ஒரு ரவுண்டு போயிட்டு வாங்கம்மா" என்று சிரித்துக்கொண்டு சொன்னார். அவருக்கு எங்கள் வீட்டுப் படியைப் பற்றித் தெரியாது.

அம்மா உலகம் சுற்றப் போக ஆசைப்படவில்லை. அவருக்குப் போக வேண்டியிருந்த இடம் பக்கத்து வீடு. மாசியிலிருந்து புளி வரத்து ஆரம்பித்துவிடும். வியாபாரிகள் மூட்டை மூட்டையாகக் கொண்டு வந்து இறக்குவார்கள். தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர் சித்தி வீட்டு சிமெண்ட் களத்தில் உட்கார்ந்து, ஆளுக்கொரு கல்லால் புளி ஓட்டைத் தட்டிக் கொட்டையை எடுப்பார்கள். அண்ணனும் தம்பியும் முறைத்துக்கொண்டிருந்த வருடங்களிலும் அம்மா அங்கே போவதை நிறுத்தவில்லை. ஆண்களுக்குச் சண்டை, ஓரகத்திகளுக்குப் பேச்சு என்று அது தனியாக ஓடிக்கொண்டிருந்தது. வருடத்தில் மூன்று மாதம் அம்மா வாய்விட்டுச் சிரித்த இடம் அந்தக் களம்.

விழுந்த பிறகு வந்த முதல் மாசியில் அம்மா போர்டிகோவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கீழே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கிருந்து அவர்களுடைய உச்சந்தலைதான் தெரியும். முதல் இரண்டு நாள், "அக்கா, சாப்டியா?" என்று சித்தி கத்திக் கேட்டார். அம்மாவும் கத்திப் பதில் சொன்னார். பேசுகிறவர்கள் ஒவ்வொரு முறையும் அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது, கையில் வேலை வேறு. ஒரு வாரத்தில் அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளத் தொடங்கிவிட்டார்கள். கீழே சிரிப்பு கேட்டால் அம்மா, "என்னாவாம்? என்னாவாம்?" என்று என்னைக் கேட்பார். எனக்கும் கேட்டிருக்காது.

சரிவுப் பாதை வைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். ஒரு அடி ஏற பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். நாலரை அடிக்கு ஐம்பத்து நாலு அடி. எங்கள் வீட்டு முன்னால் தெரு வரைக்கும் இருந்ததே பதினாலு அடி. மடக்கி மடக்கி இறக்கினால் படி வரிசையை முழுக்க உடைக்க வேண்டும், முன்பக்கம் முழுவதையும் அது மறைத்துக்கொள்ளும். அப்பாவிடம் வரைந்து காட்டினேன்.

"இது என்னா, மாட்டாஸ்பத்திரி மாதிரி இருக்குது?" என்றார். "எலிவேஷன் போயிருமே."

அந்த வார்த்தையை அவருக்குச் சொல்லிக் கொடுத்தவளே நான்தான். அவரை என்ன சொல்ல?

ஒரே ஒரு வழி இருந்தது. சித்தப்பா வீட்டுக்கும் எங்கள் மதிலுக்கும் நடுவில் அவர்கள் பக்கத்தில் ஐந்தடி சந்து உண்டு. தெருவிலிருந்து பின்கட்டு வரை அறுபதடி நீளம். எங்கள் பக்கத்தில் இருப்பது இரண்டடிதான், ஹால் பெரிதாக இருக்க வேண்டுமென்று மீதியை நாங்களே விழுங்கியிருந்தோம். மதிலை உடைத்து, எங்கள் அடுப்படிப் பக்கவாசலிலிருந்து அந்தச் சந்து வழியாகச் சரிவை இறக்கினால் சரியாகத் தெருவில் வந்து சேரும். நான் தயங்கித் தயங்கிச் சித்தியிடம் சொன்னேன். அவர் யோசிக்கவே இல்லை.

"எங்க பக்கமாவே எறக்கிக்கங்க கண்ணு. அந்தச் சந்துல என்னா இருக்குது, ஒடஞ்ச பக்கெட்டும் ஓலையும்தான். அக்கா நடந்து வந்தாப் போதும்."

மறுநாள் போய்ப் பார்த்தபோது சந்து முழுக்கப் பெருக்கிச் சுத்தமாக இருந்தது. சித்தப்பாவே செய்தாராம்.

அப்பாவிடம் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையை உதறினார்.

"அவன் மண்ணுல கால வெச்சுத்தான் என் பொண்டாட்டி வெளிய போவணுமா?"

"அவரு குடுக்கறேங்கறாருப்பா. எடத்தக்கூடச் சுத்தம் பண்ணி வெச்சிருக்காரு."

"குடுப்பான். குடுத்துட்டு ஊரெல்லாம் சொல்லுவான். அண்ணன் எங்கிட்ட வந்து வழி கேட்டான்னு சொல்லுவான்."

அப்போது நான் கத்தினேன். வாழ்க்கையில் அப்பாவை எதிர்த்துக் கத்தியது அந்த ஒரு முறைதான். "நீங்க ஏறுனதே அவரு ஜன்னலப் பாத்துத்தான? எறங்கறதுக்கும் அவரையே கேட்டா என்னா கொறஞ்சு போயிருவீங்க? அம்மா செறைல இருக்கறாப்பல இருக்குதுப்பா."

"நான் இருக்கறேன்" என்றார் அப்பா. "எங்க போவணும்னு சொல்லு, நான் தூக்கிக்கினு போறேன்."

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் கொடுமை. எழுபது வயதில் அம்மாவுக்குத் தலை வாரிவிட்டார், வெந்நீர் வைத்துக் கொடுத்தார், காலுக்கு எண்ணெய் தேய்த்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் பிளாஸ்டிக் நாற்காலியில் அம்மாவை உட்கார வைத்து, எதிர்வீட்டுக்காரரும் அவருமாக ஏழு படியும் இறக்கிக் காரில் ஏற்றுவார்கள். அம்மா கண்ணை இறுக மூடிக்கொள்வார். "மூட்டையக் கூட இப்பிடித் தூக்க மாட்டாங்க" என்று ஒரு முறை என்னிடம் சொன்னார். புளி உடைக்கப் போக வேண்டும், என்னைத் தூக்குங்கள் என்று இரண்டு ஆண்களிடம் தினமும் கேட்க அவரால் முடியவில்லை. அதை ஒரு தேவையாகச் சொல்லவே அவருக்குக் கூச்சம். அப்படியே ஒரு புளி சீசன் போனது.

அடுத்த மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே இருந்தேன். பதினோரு மணி இருக்கும். அப்பா உரம் வாங்க டிவிஎஸ்ஸில் போயிருந்தார். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். கீழே களத்தில் புளி தட்டுகிற சத்தம் வந்துகொண்டே இருந்தது. திடீரென்று எல்லாச் சத்தமும் சேர்ந்து நின்றது. என்னவோ ஏதோ என்று வெளியே ஓடினேன்.

வாக்கர் மேலே தனியாக நின்றது. அம்மா படியில் உட்கார்ந்திருந்தார். புடவையை முழங்காலுக்குக் கீழே சேர்த்துச் செருகியிருந்தார். இரண்டு கையையும் பின்னால் ஊன்றி, உடம்பைத் தூக்கி, அடுத்த படிக்கு இறங்கி உட்கார்ந்தார். பிறகு கொஞ்சம் மூச்சு வாங்கினார். மூன்றாவது படி அது. நான் ஓடிப்போய் அக்குளில் கை கொடுத்தேன்.

"தொடாத" என்றார். "கெடுத்துராத. தோது பாத்துட்டேன்."

களத்துப் பெண்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். பைக்கில் போனவர் ஒருவர் காலை ஊன்றி நின்று பார்த்தார். எதிர்வீட்டு மாடியில் இரண்டு தலை தெரிந்தது. இந்த வீட்டின் முன்பக்கத்தைத் தெருவே நின்று பார்க்க வேண்டும் என்றுதானே வரைந்தேன், பார்த்தார்கள். அறுபத்தாறு வயதுப் பெண், குழந்தை இறங்குவது போல் குண்டியை நகர்த்தி நகர்த்தி, பளபளக்கிற கறுப்புக் கல்லில் இறங்கிக்கொண்டிருந்தார். எனக்கு அம்மாவை நினைத்துப் பெருமை வந்திருக்க வேண்டும். வரவில்லை. மானம் போகிறதே என்றுதான் வந்தது. யாராவது போனில் படம் எடுக்கிறார்களா என்று சுற்றிப் பார்த்தேன். புடவையைப் போர்த்தி அவரை அப்படியே உள்ளே தூக்கிக்கொண்டு போய்விட மாட்டோமா என்றிருந்தது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஐந்தாவது படியில் இருக்கும்போது அப்பா வந்தார். தெருமுனையிலேயே வண்டியை நிறுத்தி, உர மூட்டையோடு அப்படியே நின்றார். கிட்டே வரவில்லை. அம்மா அவரைப் பார்த்தார், ஆனால் நிறுத்தவில்லை. கடைசிப் படியில் இறங்கியதும் சித்தி ஓடி வந்து பிடித்துக்கொண்டார். நான் வாக்கரைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அம்மா எழுந்து, தெருவில் பன்னிரண்டு எட்டு நடந்து, களத்தில் ஒரு சாக்கை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எங்கடி என் கல்லு?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். சாயங்காலம் வரைக்கும் புளி தட்டினார். அத்தனை பேசினார், தொண்டை கட்டிக்கொண்டது. அப்பா மேலே வந்து கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டார். பொழுது சாயும்போது நாற்காலி வைத்து நாங்கள்தான் தூக்கி வந்தோம். குளிக்க வைக்கும்போது பார்த்தேன், தொடையின் பின்பக்கம் முழுக்கக் கன்றிப் போயிருந்தது. "வலிக்கல" என்றார் அம்மா.

அதற்குப் பிறகு இன்னும் மூன்று முறை அப்படி இறங்கியிருக்கிறார், நான் இல்லாதபோது. மூன்றாவது முறை முடிந்த அன்று தம்பி பெங்களூரிலிருந்து போன் செய்தான். "எலும்பு மறுபடி ஒடஞ்சா யாருக்கா பாக்கறது? அப்பா சொல்றது கரெக்டுதான்" என்றான். அப்பா என்ன சொன்னார் என்று எனக்கு அப்போது தெரியாது. மறுநாள் அவரே என் ஆபீஸுக்கு வந்தார். வாடிக்கையாளர்கள் உட்காருகிற நாற்காலியில் உட்கார்ந்தார். போர்டிகோவில் படி ஆரம்பிக்கிற இடத்தில் இரும்பு கிரில் கதவு போட வேண்டும் என்றார். பூட்டு வைத்த மாதிரி.

"அவ நல்லதுக்குத்தான். வுழுந்து தொலஞ்சா என்னா பண்றது? டிசைன் நீயே போட்டுக் குடு. எலிவேஷனுக்குப் பொருத்தமா இருக்கட்டும்."

சந்து சுத்தமாகக் கிடக்கிறது, மதிலில் ஒரு ஆள் நுழைகிற அளவு உடைத்தால் போதும் என்று மறுபடியும் சொல்லியிருக்கலாம். முடியாது, வேறு ஆளைப் பாருங்கள் என்றாவது சொல்லியிருக்கலாம். அம்மா விழுந்துவிடுவாரோ என்ற பயம் எனக்கும் இருந்தது, அது உண்மை. ஆனால் அதைவிடப் பெரிய உண்மை, அந்தப் படியில் அம்மாவை இன்னொரு முறை தெரு பார்ப்பதை என்னால் தாங்க முடியாது. "சரிப்பா" என்றேன்.

அளவெடுக்க நேற்றுப் போயிருந்தேன். அப்பா வீட்டில் இல்லை. பட்டறை ஆள் நாளைக்குத்தான் வருவார் என்பதால் தனியாகத்தான் எடுக்க வேண்டியிருந்தது. தூணுக்குத் தூண் டேப்பை இழுத்தால் மறுமுனை நிற்காமல் நழுவிக்கொண்டே இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அம்மா கையை நீட்டினார். முனையை வாங்கித் தூணோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"கேட்டு போடறதுக்கா?" என்றார்.

"ஆமாம்மா."

கீழே களத்தில் தட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"சாவி யாருகிட்ட இருக்கும்?"

நான் டேப்பில் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "ஆட்டாமப் புடிம்மா" என்றேன். அம்மா கொஞ்சமும் ஆட்டாமல் பிடித்துக்கொண்டிருந்தார். ஏழடி நாலு அங்குலம் என்று எழுதிக்கொண்டேன்.